மார்லேன் கொண்டுவந்த கேக்

கால்வாய் உறைந்த அன்று, காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஸ்கேட்டிங் போனான் ஷூர்ட். அங்கே அவனைப் பார்த்த ஆபீஸ் தோழி ஃபென்னா, மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

"பொய்யன்!" என்றாள் அவள். "கோள்சொல்லி!" என்றான் அவன். இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை. நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்த மார்லேனுக்குத்தான் மூச்சு முட்டியது.

இன்று காலை அவள் பெரிய ஆப்பிள் கேக்கோடு வந்தாள். "எனக்குப் பிறந்தநாள், எல்லாரும் வாங்க!"

டச்சு வழக்கப்படி வட்டமாக உட்கார்ந்தார்கள். பிறந்தநாள் ஒருவருக்கு என்றாலும், எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்தியாக வேண்டும். ஷூர்ட் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான்.

"வாழ்த்துகள், ஃபென்னா."

"உனக்கும்தான். காய்ச்சல் விட்டுடுச்சா?"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே பொய் சொல்ல மாட்டேம்மா."

"நானும் உன்னைக் கேக்காம மேலிடத்துக்குப் போக மாட்டேன். நம்ம மார்லேனைப் பாரு, பொய்ங்கிறதே அவ வாயில வராது!"

பணியாளர் கோப்புகளைப் பார்க்கும் ரூட்கர், மார்லேனின் காதருகே குனிந்தார்.

"உன் பிறந்தநாள் நவம்பர்ல இல்ல?"

"ஸ்ஸ்!" அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள் மார்லேன். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."