வேகம் குறைந்த வழி

"ஆறுதலாய், மெதுவா ஓடினாலும் பரவாயில்லை. ஒண்டுக்குள்ள மற்றதைப் போட்டுத் தாங்கோ" என்றார் சிவபாதசுந்தரம்.

கணினி திருத்துகிற கொன்ஸ்ரன்ஸுக்கு எரிச்சலாக இருந்தது. கொழும்பின் அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனையிலிருந்து இந்தப் பக்கம் வெள்ளவத்தைக்கு, சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிக் காட்டி வந்திருந்தாள்.

போன கிழமைதான் அவருடைய மொழிபெயர்ப்பு நிலையத்துக் கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தாள். கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். தெரிவு செய்தது முழு வேகத்தில் ஓடும்.

இப்போது அதை அழித்துவிட்டு, லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓடவிட வேண்டுமாம்.

அப்படிச் செய்தால் மாறுவதற்குக் கணினியை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் இருக்கிற மெமரியை இரண்டும் பங்குபோடும், எல்லாம் இழுபடும் என்று விளக்கினாள். அவர் தலையாட்டினார். மனம் மட்டும் மாறவில்லை.

அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய, திங்கட்கிழமை புதிதாக ஒருத்தி வருகிறாள். பழையவள் கனடாவுக்குப் போய்விட்டாள். வெளிநாட்டுக்கு ஓடுகிற சனம் பத்திரங்களோடு வாசலில் நிற்கிறது. ஒரு மாதம் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவாராம்.

"இந்த மிசினோட அந்தப் பிள்ளை ஒரு மாதம் தாக்குப்பிடிக்குமோ ஐயா? பிறகு வேகம் காணாது எண்டு நிப்பாட்டுவீங்கள்."

"அது என்ர பாடு, தங்கச்சி."

முதலாளிமாரே இப்படித்தான் என்று நினைத்தபடி வேலையை முடித்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, விசைகளை மட்டும் தடவித் தடவி அழுத்தினார். கரகரத்த குரலில் லினக்ஸ் திரையில் இருந்த தமிழை வாசித்தது. இன்னொரு விசை. உள்ளே இருந்த விண்டோஸ் ஆங்கிலத்தில் தொடர்ந்தது. திரும்பவும் தமிழ்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி, இரண்டும் மாறி மாறிக் கதைத்தன. எத்தனையோ மிசின்களைக் கழற்றிப் பூட்டியவள், பையைத் தூக்க மறந்து நின்றாள்.

அப்போதுதான் அவர் கண்ணை இறுக மூடியிருப்பதைக் கண்டாள்.

"திங்கட்கிழமை வாறது, தொண்ணூற்றைஞ்சில ஷெல் விழுந்து பார்வை போன பிள்ளை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "போன கிழமையும் இப்பிடித்தான் இருந்து பாத்தன். எது வேணும் எண்டு திரை கேக்கிற அந்த இடத்தில மட்டும் மிசினுக்குக் குரல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஆரையாவது கூப்பிட வேணும். மிசின் இழுபட்டால் அவ பொறுத்துக்கொள்ளுவா. ஆனால் கூப்பிடக் கூச்சப்பட்டு வேலையை விட்டிடுவா."