சின்ன ர

இந்தக் காலத்துச் சனத்துக்குச் சுவரைக் கண்டால் பெயர் கீறாமல் கை நிற்காது என்று புறுபுறுத்தபடி மலைக்கோட்டையில் ஏறினார் கோணாமலை. கீழே துறைமுகம் விரிந்து கிடந்தது. மனைவி கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பீரங்கி மேடைச் சுவரில் பாசி பிடித்த பழைய கீறல் ஒன்றை, இரண்டாம் வகுப்போடு நின்றுபோன கோணாமலை விரலால் தடவி எழுத்துக்கூட்டினார். தவநாயகம், பொர்கொடி.

"இஞ்ச வா. இது உன்ர பெயரெல்லோ?"

"உங்களுக்கென்ன விசரே? ஊரில நான் ஒருத்தியே பொற்கொடி?"

நாற்பது வருசமாகக் கூப்பன் கடையில் பங்கீட்டு அரிசிக்கு அவள் கையெழுத்து வைப்பதைப் பார்த்தவர் அவர். பெரிய ற வரவேண்டிய இடத்தில் அவள் சின்ன ர தான் போடுவாள். கடைக்காரன் சொல்லிச் சிரித்துத்தான் அது பிழையென்றே அவருக்குத் தெரியும்.

"இதிலயும் சின்ன ர தான் கிடக்கு."

"எங்கட வாத்தியார் அப்பிடித்தான் சொல்லித்தந்தவர். அவரிட்டப் படிச்ச பொற்கொடியள் எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவினம்."

"தவநாயகமும் அவரிட்டத்தான் படிச்சவனோ?"

"ஆருக்குத் தெரியும்?" என்றவள், சேலைத் தலைப்பால் சுவரின் பாசியை மெல்லத் துடைத்தாள். தன் பெயரில் அல்ல, பக்கத்துப் பெயரில்.

"ஆருக்குத் தெரியுமாம்!" என்று சொல்லிக்கொண்டு, அவளுக்குக் காத்திராமல் கோணாமலை படியிறங்கினார்.