கட்டத்தில் ஒரு நட்சத்திரம்

"ஊரு சனத்தையே எண்ணி வெச்சிருக்கீங்களே! என் புள்ளைக்கு ஒரு பொண்ணு அதுல இருக்குதான்னு பார்த்துச் சொல்லும்மா."

தில்லையம்மாள் கேட்டதும் மண்டபத்தில் சிரிப்பலை எழுந்தது. சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களைப் பொதுமக்கள் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை விளக்கும் முகாம் அது. பள்ளிக்கூடம் கட்ட நினைப்பவரும் மருந்துக்கடை வைக்க நினைப்பவரும் தத்தம் வட்டாரத்து எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். மருமகளைக் கேட்டு வந்தவள் தில்லையம்மாள் ஒருத்திதான்.

"மானத்த வாங்காதம்மா," என்று குமரகுரு நெளிந்தான்.

"நீதானேடா இட்டுக்கினு வந்த? 'அவங்ககிட்ட எல்லாரோட விவரமும் இருக்குது, போய்க் கேளு'ன்னியே!"

கணினிக்கு முன்னால் இருந்த புள்ளியியல் அலுவலர் காயத்ரி, புன்னகையோடு நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்கம்மா. அண்ணே, இங்க ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை வேணாம்."

டீ வந்தது. ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்கம்மா, பொண்ணு எப்படி இருக்கணும்?"

"எனக்கு ஒரு நிபந்தனையும் இல்ல தாயி. எல்லாம் இவன் போடுறதுதான். மேல்படிப்பு படிச்சிருக்கணுமாம். உத்தியோகத்துக்குப் போகணுமாம். முப்பது தாண்டியிருந்தாத்தான் பக்குவமாம். இப்போ புதுசா ஒண்ணு, கோர்வை போடவும் தெரியணுமாம்!"

பட்டுச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருந்தால் இரண்டையும் பிணைத்து நெய்வதுதான் கோர்வை. அது ஒற்றை ஆளால் ஆகாது. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும்.

"கோர்வையெல்லாம் எங்க கேள்வியில கிடையாதும்மா. வீட்டுல நெசவு வேலை செய்யறாங்களான்னு வேணா பார்க்கலாம்," என்றபடி காயத்ரி விசைகளைத் தட்டினாள்.

முதலில் திரையில் வட்டாரத்துப் பெண்கள் அனைவரும் பெரிய எண்ணாக நின்றார்கள். மணமாகாதவர் என்றதும் எண் இளைத்தது. முப்பது தாண்டியவர் என்றதும் இன்னும் மெலிந்தது. மேல்படிப்பு, உத்தியோகம், நெசவு என்று ஒவ்வொன்றாய்ச் சேரச் சேர, வெயிலில் வைத்த வெண்ணெயாய் உருகி, கடைசிக் கட்டத்தில் எண்ணே இல்லாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் மிஞ்சியது.

தில்லையம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என்ன நட்சத்திரம் இது? ரோகிணியா, உத்திரமா?"

"ஜாதக நட்சத்திரம் இல்லம்மா. ஆளுங்க ரொம்பக் கொஞ்சமா இருந்தா எண்ணை வெளியிட மாட்டோம். நிபந்தனை கூடிப் போச்சுன்னா அது கணக்கா இருக்காது, ஒரு ஆளோட அடையாளமா ஆயிடும். ஊரே யாருன்னு கண்டுபிடிச்சிடும். நம்மள நம்பி விவரம் சொன்னவங்களைக் காட்டிக் கொடுக்கலாமா?"

"அப்போ ஒருத்தியாவது இருக்கிறா!"

"நான் எதுவும் சொல்லலையே!"

"இவனுக்குப் பொண்ணு நான்தான் பார்ப்பேன், அவனா ஒருத்திய இட்டுக்கினு வந்தா தறியில கால் வைக்க விடமாட்டேன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டேம்மா. பார்த்த பொண்ணையெல்லாம் இவன் வேணாங்கிறான். தெருவுல சிரிக்கிறாங்க. நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா? காதோட சொல்லு."

"காதோட சொன்னாலும் சட்டம் சட்டம்தாம்மா."

தில்லையம்மாள் பெருமூச்சோடு எழுந்தாள். காயத்ரி குமரகுருவைப் பார்க்கவில்லை. விசைப்பலகையைப் பார்த்தவாறே சொன்னாள்:

"மத்தவங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாது. என்னைப் பத்தி நான் சொல்லிக்கலாம்... ஞாயித்துக்கிழமையில எங்கப்பா தறியில கோர்வை போடுறது நான்தாம்மா."

அடுத்த கணம் தில்லையம்மாளின் குரல் சமையல்கட்டு வரை போயிற்று. "பார்த்தியாடா! பொண்ணை நானே கண்டுபிடிச்சிட்டேன்!"

"உன் இஷ்டம்மா," என்றான் குமரகுரு, உலகத்து அடக்கத்தையெல்லாம் குரலில் குழைத்து.

காயத்ரியின் அப்பாவுக்கு அப்போதே போன் போனது. வெள்ளிக்கிழமை பூவும் பழமுமாகப் பிள்ளையார்பாளையத்திலுள்ள அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, தில்லையம்மாள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வழியில் எதிர்ப்பட்ட இருவரிடம் அதற்குள் செய்தியைச் சொல்லியும் விட்டாள்.

"கில்லாடிம்மா நீ," என்றான் குமரகுரு, வண்டியை உதைத்தபடி.

பின்னால் ஏறி அமர்ந்த தில்லையம்மாள் அவன் காதருகே குனிந்தாள். "கோர்வைன்னு நீ சேர்த்தப்பவே தெரியும்டா, நீ பொண்ணு கேக்கல, ஒரு பொண்ணோட அடையாளத்தைச் சொல்லிக்கினு இருக்கன்னு. நீ சர்க்கரை போட்டுக்க மாட்டேன்னு நம்ம ரெண்டு பேருமே சொல்லல, டீ மட்டும் சரியா வந்துச்சு பாரு, அப்பவே ஆளும் தெரிஞ்சிபோச்சு. ஊருக்கு, பொண்ணு பார்த்தது நான்தான்... மிச்சத்துக்கு நட்சத்திரம் போட்டுடு!"