மூன்று மாதச் சட்டை

தங்கைக்கு ஒன்பதாம் மாதம். குழந்தையின் அறைக்கு அவசியமானவை, இருந்தால் நல்லவை என்று அக்கா இரண்டு பட்டியல் எழுதினாள். தொட்டில், விரிப்பு, நாப்கின் எல்லாவற்றுக்கும் தங்கை தலையாட்டினாள். மூன்று மாதச் சட்டையை மட்டும் பேனாவை வாங்கி அடித்தாள்.

“ஏன்டி? பிள்ளைங்க கிடுகிடுன்னு வளந்துடும்.”

“வேண்டாம்க்கா. அதுவரைக்கும் போகாது.”

“வாயக் கழுவு! எல்லாம் நல்லா இருக்குன்னு நேத்துதானே டாக்டர் சொன்னாங்க?”

“ஆமா, சொன்னாங்க.” தங்கையின் குரலில் பயமே இல்லை. கேமராவை அவசியமானவற்றில் சேர்த்தாள். “இத மறந்துடாதக்கா. அவன் ஒரே ஒரு தடவதான் சிரிப்பான்.”

அடுத்த வாரம் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல ஆரோக்கியம் என்றார்கள். அக்கா கேமராவைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.