பிளக் பறந்த ஞாயிற்றுக்கிழமை

"நிறுத்தாதே பிளாமென்! நிறுத்தினா மறுபடி கிளம்பவே கிளம்பாது!"

மனைவி தேசி கத்தியதில் பாதிதான் பிளாமெனுக்குக் கேட்டது. பானெட்டுக்குள் 'டமால்' என்று ஏதோ வெடித்ததிலிருந்து கார் கல் உடைக்கும் யந்திரம் மாதிரி தடதடத்துக்கொண்டிருந்தது. சாலையோரம் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாமனார் ஸ்டோய்கோவின் கார் அது. பெற்ற மகள்கூட அதன் கதவை ஓங்கிச் சாத்திவிட முடியாது. மெக்கானிக் எவனையும் கிட்டே சேர்க்காமல் எல்லாப் பழுதையும் அவரே பார்ப்பார். "என் கை பட்டு ஒரு போல்ட்டு கெட்டதில்ல" என்று தெருவுக்கே சொல்வார். கிடார் சொல்லித்தரும் மருமகனை அவர் ஆளாகவே மதித்ததில்லை. அப்படிப்பட்டவர் இன்று காலை தானாகவே சாவியை நீட்டி, "ஏரிப் பக்கம் ஜாலியா சுத்திட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'மாப்பிள்ளை'. அந்தப் பூரிப்பில் பிளாமென் ஊர் எல்லை வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருந்தான்.

"எங்கப்பா உன்னைக் கொன்னுடுவார்" என்றாள் தேசி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பீறிட்டது. அவனையும் தொற்றிக்கொண்டது. பயமும் சிரிப்புமாக, தடதடத்தபடியே போய் ஏரிக்கரை மெக்கானிக் கோலியோவின் வாசலில் நின்றார்கள்.

கோலியோ ரப்பர் செருப்பும் பனியனுமாக வெளியே வந்து பானெட்டைத் திறந்தான்.

"அடேங்கப்பா! ஸ்பார்க் பிளக்கு திருகு மரையையும் பிடுங்கிக்கிட்டுப் பறந்திருக்கு. எஞ்சினோட அலுமினிய ஹெட்டு பாரு, ஒரு சுத்து மரைகூட மிச்சம் இல்ல."

"புது ஹெட் மாத்தணுமா அண்ணே?" பிளாமென் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எதுக்கு? ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணி, புதுசா மரை வெட்டி, உள்ளேயும் வெளியேயும் மரை போட்ட இரும்பு வளையம், புஷ்ஷும்பாங்க, அதை இறக்கிட்டா தீர்ந்தது. அப்புறம் வண்டியே மக்கிப் போனாலும் அந்த மரை போகாது. யார் வண்டி?"

"எங்கப்பா ஸ்டோய்கோவோடது" என்றாள் தேசி.

கோலியோவின் கை அப்படியே நின்றது. "ஐயையோ! ஒரு தடவை தெரியாம இந்த பானெட் மேல காபிக் கோப்பையை வச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேச்சு இல்ல. சரி சரி, அந்தக் கூடையில என்ன, வாசனை தூக்குது?"

"அம்மா சுட்ட பனித்சா. நிறைய வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டது."

"கூலி அதுதான். கொண்டா இப்படி."

வாயில் பனித்சாவும் கையில் மரை வெட்டும் டேப்பும் மும்முரமாயின. டேப் முழுக்க கிரீஸை அப்பி, அரைச் சுற்று திருகி, கால் சுற்று பின்வாங்கி, மெல்ல மெல்ல மரை வெட்டினான். "இந்தத் தூள் உள்ள விழுந்துச்சுன்னா பிஸ்டன் காலி. டார்ச்சை ஆட்டாம பிடிப்பா."

தேசியின் போன் அடித்தது.

"அப்பா!" என்றாள். மூவரும் சிலையானார்கள்.

"சொல்லுங்கப்பா!"

"எங்கம்மா இருக்கீங்க? வண்டி எப்படி ஓடுது?"

"வெண்ணெய் மாதிரி ஓடுதுப்பா!"

"மேட்டுல ஏறினீங்களா?"

"ஏறினோமே!"

"சத்தம் கித்தம் ஏதாவது..."

கோலியோவின் முழங்கை பட்டு, கம்ப்ரஸர் குழாய் 'புஸ்ஸ்ஸ்' என்று சீறியது.

"அது என்ன சத்தம்?"

"அருவிப்பா! அருவி பக்கத்துல நிக்கிறோம்!"

"அங்க ஏதும்மா அருவி?"

"புதுசா வந்திருக்குப்பா!" என்று சொல்லி போனை அணைத்தாள். கோலியோ சிரித்த சிரிப்பில் பனித்சாத் துணுக்குகள் சுவர் வரை பறந்தன. பிளாமென் டயர் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தூளையெல்லாம் ஊதித் துடைத்து, புஷ் இறங்கி, புது பிளக்கும் ஏறியது. சாவியைத் திருப்பியதும் கார் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. பிளாமென் கோலியோவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினான். தேசி பானெட்டுக்கு முத்தம் கொடுத்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது ஸ்டோய்கோ தெருமுனையிலேயே நின்றிருந்தார்.

"வந்துட்டீங்களா? வண்டியிலேயேவா?"

"பின்ன எதுல மாமா வர்றது?"

அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். முகம் வெளிறியது. "ஒண்ணுமே ஆகலையா? நடுவழியில நிக்கல? நிஜமா?"

மாட்டிக்கொண்டோம் என்று பிளாமென் நினைத்தான். ஆனாலும் விடவில்லை. "சத்தியமா இல்ல மாமா. ராஜா மாதிரி ஓடுச்சு."

மாமனார் தள்ளாடியபடி உள்ளே போனார். பிளாமென் முற்றத்துக் குழாயில் நகத்து கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, சமையலறை ஜன்னல் வழியே மாமனார் தன் மனைவியிடம் கிசுகிசுப்பது கேட்டது.

"ராடா, ஏதோ அதிசயம் நடந்திருக்குடி! நேத்து மூச்சுப் பிடிச்சு முறுக்கி பிளக் மரையை மொத்தமா வழிச்சது நான்; பழி மாப்பிள்ளை மேல விழட்டும்னு அதைப் பசை தடவிச் சும்மா செருகி வச்சுத்தானே சாவியைக் குடுத்தேன்!"