வேண்டுமென்றே போட்ட பிழை

கணக்கை எழுதி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் திரும்பினாள். ஒரு கைகூட எழவில்லை.

இப்படி நடந்ததே இல்லை. தினமும் ஒரு கணக்கில் வேண்டுமென்றே ஒரு பிழை போடுவாள். ஒரே ஒரு பிழைதான். அவள் திரும்பியதும் ஒன்பதாம் வகுப்பு அதைப் பிடிக்க வேண்டும். மற்ற நாளில் நான் முந்தி நீ முந்தி என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

இன்றைக்குப் பார்த்து எல்லாம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கடைசி பெஞ்சில் ஆய்வாளர் இருந்தார். பலகையில் தப்பாக எழுதினால் பிள்ளைகள் தப்பையே மனப்பாடம் செய்துவிடும் என்பது அவர் கட்சி. இன்று கண்டுபிடிக்காவிட்டால் நாளையிலிருந்து இந்த விளையாட்டு கிடையாது என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் போனாள், மேசைக்கு வந்தாள். நான்காவது வரியை விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

வாயாடி என்று அவளே பெயர் வைத்திருந்த முதல் பெஞ்சுப் பெண், மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவர்களுக்காகவா இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்? டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மணி அடித்தது. ஆய்வாளர் எழுந்தார்.

"நாலாவது வரியில குறி மாறல. ஒரு பிள்ளைக்கும் தெரியலையேம்மா. இத்தோட விட்டுடுங்க."

அவர் வெளியேறியதும் டீச்சர் முதல் பெஞ்சை முறைத்தாள். வாயாடி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுது டீச்சர். ஆனா ரெண்டு தப்பு இருந்துச்சு. ரெண்டாவது வரியில ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க. எது நீங்க வேணும்னு போட்டதுன்னு தெரியல. அவர் முன்னால மாத்திச் சொல்லி உங்கள மாட்டிவிட்டுட்டா?"

டீச்சர் பலகையைப் பார்த்தாள். அவளுடைய அழகான கையெழுத்தில் ஐம்பத்து நான்கு.

காது சுட்டது. அவரும்தான் அதைப் பார்க்கவில்லை. பேசாமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கை டஸ்டரை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது. கணக்கு டீச்சருக்கு வாய்ப்பாடு தெரியாது என்று பள்ளிக்கூடமே சிரிக்கும்.

சிரித்துவிட்டுப் போகட்டும்.

டஸ்டரைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. என் பிள்ளைங்க நான் வேணும்னு போடாத தப்பையும் சேத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க."