முகப்புக்கு ஒரு தாடி

"மூக்கு எப்படிம்மா? நீளமா, சப்பையா?"

"அளவா இருக்கும்" என்றாள் அப்பொலோனியா, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே.

அச்சுக்கூடக்காரர் லீன்ஹார்ட் அனுதாபமாகத் தலையாட்டினார். செத்துப்போன புருஷன் எழுதிவைத்த பிரசவ வைத்திய நூலைத் தூக்கிக்கொண்டு ஷாஃப்ஹவுசனிலிருந்து பாசலுக்கு வந்திருக்கிறாள். முகப்பில் வைத்தியர் படம் இல்லாவிட்டால் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று சொன்னதே அவர்தான்.

"நீங்க சொன்னதை வெச்சு நம்ம ஆளு மரத்துல செதுக்கிடுவான். அச்சு அசலா இருக்கும்."

ஆளாவது, செதுக்குவதாவது. அலமாரியில் பழைய அச்சுக்கட்டை ஒன்று கிடந்தது. அதிலிருந்த தாடிக்காரர் ஒரு முறை நோவாவாகவும், ஒரு முறை அரிஸ்டாட்டிலாகவும், இரண்டு முறை துருக்கி சுல்தானாகவும் வேலை பார்த்தவர். வைத்தியம் மட்டும் வராதா என்ன?

ஆனாலும் மூன்றாம் நாள் அவள் வந்து நின்றபோது லீன்ஹார்ட் அச்சடித்த படத்தைக் கைப்பிரதிக்கு அடியில் தள்ளிவைத்தார். 'இவர் என் புருஷனே இல்லை' என்று சொல்லிவிட்டால் நூல் எதிர்க்கடைக்குப் போய்விடும். இந்த வருடச் சந்தைக்குக் கொண்டுபோக அவரிடம் வேறு நூலும் இல்லை.

கொஞ்சம் நேரம் கடத்த, கைப்பிரதியில் புரியாத வரி ஒன்றைக் கேட்டார். அவள் தாளைப் பார்க்காமலே அந்த வரியையும் அடுத்த இரண்டு பக்கங்களையும் கடகடவென்று சொன்னாள். புருஷன் பேச்சை இவ்வளவு மனப்பாடம் செய்த மனைவியை அவர் கண்டதில்லை. அவர் வீட்டில் நிச்சயமாக இல்லை.

வேறு வழியில்லாமல் படத்தை நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அவரேதான்" என்றாள் தழுதழுத்த குரலில். "அதே தாடி, அதே முறைப்பு. நேர்ல பாக்கற மாதிரியே இருக்கு ஐயா."

லீன்ஹார்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏமாறுவதற்கென்றே ஊர்விட்டு ஊர் வருகிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"எல்லாம் கை வேலைம்மா" என்று அடக்கமாகச் சொல்லி, ஒப்பந்தத்தில் தானும் கையெழுத்துப் போட்டு, அவளிடமும் வாங்கி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கதவைச் சாத்தும்போது, வெளியே காத்திருந்த அவள் தங்கையின் குரல் காதில் விழுந்தது.

"என்னக்கா, நீ எழுதினதை அச்சுப் போடுவாராமா?"

"போடுவாருடி. புருஷனுக்கு முகம்கூடக் குடுத்துட்டாரு. இனிமே நான் கல்யாணம் பண்ணிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."